கை நிறைந்த பிறகு வரும் கார்டு: ஐந்து டிஜிட்டல் கார்டு கேம்களில் எது உங்களுக்குச் சரி?

டிஜிட்டல் கார்டு கேம் ஒன்றில் புதிதாக இறங்க நினைப்பவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். இலவசமா? ஃபோனில் ஓடுமா? ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கொஞ்ச நாள் ஆடிப் பழகிய பிறகு ஒருவரைக் கட்டிப்போடுவதும் கடுப்பேற்றுவதும் பல நேரம் வேறொரு விஷயம். கையில் எத்தனை கார்டு வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வரும் கார்டு எங்கே போகும் என்பதுதான் அது.

வீட்டில் ஆடும் ரம்மியில் இந்தத் தலைவலி கிடையாது. 13 சீட்டு, ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட்டாக வேண்டும். கையின் அளவு கடைசி வரை அப்படியே இருக்கும். டிஜிட்டல் கேம்களில் அப்படியில்லை. ஒருவர் கையில் 10 கார்டு இருக்கும், எதிரே இருப்பவர் கையில் ஒன்றுகூட இருக்காது, ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருக்கும். கை நிறைய வைத்திருப்பது பலமா பலவீனமா என்பதற்கு ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மார்வெல் ஸ்நாப், குவென்ட், போக்கிமான் ஆகிய ஐந்தையும் இந்தக் கோணத்தில் எடை போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லை 7-ஆ 10-ஆ என்ற எண்ணைப் பார்த்தே எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எண் இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது மிஞ்சும் கார்டின் கதி: அழிந்துபோகிறதா, நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுகிறீர்களா, கார்டு எடுக்கும் கட்டான டெக்கிலேயே தங்கிவிடுகிறதா, வேறு ஏதாவதாக மாறுகிறதா.

அடுத்தது எப்போது எண்ணுகிறார்கள் என்பது. கார்டு வரும் ஒவ்வொரு முறையும் எண்ணும் கேமுக்கும், டர்ன் முடியும்போது மட்டும் எண்ணும் கேமுக்கும் ஆடும் விதமே வேறு. அப்புறம், எதிராளி உங்கள் கையின் அளவை ஆயுதமாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மறைந்திருக்கும் செலவு: எவ்வளவு கவனம் கேட்கிறது, டர்ன் எவ்வளவு இழுக்கிறது, ஒரு முக்கியமான கார்டு போனால் டெக் முழுக்கப் படுத்துவிடுமா.

| கேம் | கை எல்லை | எப்போது எண்ணும் | மிஞ்சினால் | எதிராளி பயன்படுத்த முடியுமா |
|---|---|---|---|---|
| ஹார்த்ஸ்டோன் | 10 | கார்டு வரும்போதே | அழியும் | நன்றாகவே |
| மேஜிக் அரீனா | 7 | உங்கள் டர்ன் முடிவில் | நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுவீர்கள் | ஓரளவு |
| மார்வெல் ஸ்நாப் | 7 | கார்டு வரும்போதே | டெக்கிலேயே இருக்கும் | முடியும் |
| குவென்ட் | 10 | ரவுண்டு தொடக்கத்தில் எடுக்கும்போது | கார்டு மாற்றும் வாய்ப்பாகும் | பாஸ் மூலம் |
| போக்கிமான் டிசிஜி லைவ் | கிடையாது | – | – | கார்டுகள் மூலம் |

## ஹார்த்ஸ்டோன்: பதினோராவது கார்டு எரியும்

2014-இல் பிளிஸார்டு வெளியிட்ட இந்த கேமில் டெக்குக்கு 30 கார்டு. முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு. இரண்டாவதாக ஆடுபவருக்கு 4 கார்டும், ஈடாக ஒரு காயினும். பிறகு ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் ஒரு கார்டு தானாக வரும். கையில் 10 இருக்கும்போது இன்னொன்று வந்தால், அது இருவர் கண்ணெதிரிலும் திரையில் விரிந்து எரிந்துபோகும். எதை எரிப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாது. எது எரிந்தது என்று எதிராளிக்கும் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட விதி இருந்தும், கை நிறைய வைத்து ஆடுவதற்கென்றே இந்த கேமில் ஆரம்பக் காலத்தில் ஒரு டெக் பேர்போனது: ஹேண்ட்லாக். வார்லாக் என்ற ஹீரோவின் சிறப்புச் சக்தியான லைஃப் டேப்புக்கு 2 மானா ஆகும் (மானா என்பது கார்டு இறக்கச் செலவழிக்கும் ஆற்றல், டர்னுக்கு ஒன்று கூடும்). ஒரு கார்டைத் தந்துவிட்டு உங்கள் உயிரில் 2 எடுத்துக்கொள்ளும். களத்தில் இறங்கிச் சண்டையிடும் கார்டுதான் மினியன். மவுண்டன் ஜெயன்ட் என்ற மினியனின் விலை 12 மானா. ஆனால் கையில் உள்ள மற்ற ஒவ்வொரு கார்டுக்கும் 1 மானா குறையும். இறங்கினால் 8/8, அதாவது தாக்கும் பலம் 8, உயிர் 8.

முதலில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் டர்னில் கையில் 4. இரண்டாவது டர்னில் 5, டேப் செய்தால் 6. மூன்றாவதில் 7, டேப் செய்தால் 8. நான்காவதில் 9. ஜெயன்ட்டைத் தவிர 8 கார்டு இருப்பதால் விலை 12-லிருந்து 4-க்கு இறங்கியிருக்கும். கையில் இருப்பதும் 4 மானா. மூன்று டர்ன் எதையும் இறக்காமல் பொறுத்ததற்குப் பலனாக நான்காவது டர்னிலேயே 8/8 களத்தில் நிற்கும்.

இப்போது அதே டெக்கோடு இரண்டாவதாக ஆடுங்கள். காயினோடு சேர்த்து 5-இல் தொடங்கி முதல் டர்னில் 6. இரண்டாவதில் 7, டேப் செய்து 8. மூன்றாவதில் 9, பழக்கத்தில் மறுபடி டேப் செய்தால் 10. நான்காவது டர்ன் தொடங்கியதும் வரும் கார்டு எரிந்தது! டேப் செய்யாமல் விட்டிருந்தால் நான்காவது டர்னில் சரியாக 10 கார்டு இருந்திருக்கும், ஜெயன்ட் 3 மானாவுக்கே இறங்கியிருக்கும். இதில் பலர் மறந்துபோவது, காயினும் ஒரு கார்டுதான், அதுவும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை. மூன்றாவது டர்னில் முதலில் ஆடுபவர் அழுத்த வேண்டிய பொத்தானை இரண்டாவதாக ஆடுபவர் அழுத்தக் கூடாது. ஹார்த்ஸ்டோனில் கையின் அளவைக் கவனிப்பது என்றால் இந்த அளவுக்குக் கவனிப்பது.

எதிராளி பக்கத்திலிருந்து வரும் ஆபத்தும் இங்கேதான் அதிகம். ரோக் என்ற ஹீரோவிடம் உள்ள சாப் என்ற 2 மானா ஸ்பெல் உங்கள் மினியனைக் கைக்குத் திருப்பி அனுப்பும். சாதாரணமாக அது ஒரு டர்னைத் தள்ளிப்போடும் வேலைதான். கை நிறைந்திருந்தால் மினியனுக்குத் திரும்ப இடமில்லை, அது செத்துவிடும். அதாவது எவ்வளவு பெரிய மினியனாக இருந்தாலும் 2 மானாவில் கதை முடிந்தது. கோல்ட்லைட் ஆரக்கிள் இன்னும் குறும்பானது. 3 மானா, இருவருக்கும் ஆளுக்கு 2 கார்டு தரும். உங்கள் கையில் ஏற்கெனவே 10 இருந்தால் அந்த 2-ம் எரியும், எதிராளிக்கு மட்டும் லாபம். இதை மையமாக வைத்து, எதிராளியின் கார்டுகளை எரிக்கவைக்கும் மில் டெக் என்று ஒரு வகையே உருவானது. அந்த கார்டு 2018-இல் ஸ்டாண்டர்டு வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது, பழைய கார்டுகளுக்கும் இடமுள்ள வைல்டு வடிவத்தில் ஆடலாம். பாலடின் கையிலிருந்த டிவைன் ஃபேவர் இன்னொரு வகை: எதிராளி கையில் எத்தனை உண்டோ அத்தனை ஆகும் வரை கார்டு எடுத்துக்கொள்ளலாம். கையைக் காலி செய்துவிட்டு, கை நிறைய வைத்திருப்பவரின் சேமிப்பைக் காட்டியே தன் கையை நிரப்பிக்கொள்ளும் வேலை இது. பார்த்தால் எரிச்சலாக இருக்கும், ஆனால் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த கார்டு.

ஒரு கார்டு எரிந்ததும் பதறிப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெக்கின் மேலே இருந்து எரிந்ததும், டெக்கின் அடியில் கிடந்து கடைசி வரை கைக்கு வராமல் போனதும் கணக்குக்கு ஒன்றுதான். பல ஆட்டங்கள் டெக் தீருவதற்கு முன்பே முடிந்துவிடும். உண்மையான நஷ்டம் மூன்று இடத்தில்: அந்த டர்னுக்குரிய டிரா வீணாவது, டெக் ஒரு கார்டு முன்னதாகவே தீர்ந்து 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் ஃபேடீக் அடி சீக்கிரம் தொடங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக, டெக் முழுக்க நம்பியிருக்கும் ஒற்றை லெஜண்டரி எரிந்துபோவது. ஒரு லெஜண்டரி கார்டின் பிரதி டெக்கில் ஒன்றுதான் வைக்க முடியும், மாற்று கிடையாது. எனவே குறிப்பிட்ட சில கார்டுகள் சேர்வதையே நம்பும் காம்போ டெக் ஆடுபவருக்கு எரிவது விஷம். சின்னச் சின்ன மினியன்களை இறக்கி அடிப்பவருக்கு அது செய்தியே இல்லை, அவர் கையில் 10 சேர்ந்தால்தானே.

இங்கே மறைந்திருக்கும் செலவு வேறு. ஹார்த்ஸ்டோனில் மானா தானாக வளரும், மேஜிக் போல மானா தருவதற்கென்று நிலக் கார்டு கிடையாது. அதனால் கையில் தூக்கிப்போடச் சௌகரியமான உபரி என்று எதுவும் இருக்காது. எரிவது எதுவானாலும் உழைக்கும் கார்டுதான். 2019-இல் வந்த வால்ட்ரிஸ் ஃபெல்கார்ஜ் எல்லையை 12 ஆக்கி 4 கார்டும் எடுத்துத் தந்தது. எல்லையை 2 கூட்டுவதற்கே 7 மானா கார்டு ஒன்று வேண்டியிருந்தது என்றால் அந்த 10 எவ்வளவு இறுக்கமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஆடுவது பிடிக்கும் என்றால், எதிராளியின் கையை நிரப்பியே அவரைத் திணறடிப்பதில் ஒரு குரூர சந்தோஷம் உண்டு என்றால், ஹார்த்ஸ்டோன். பேருந்தில் பாதிக் கவனத்தோடு ஆடுபவர் வேகமான டெக் எடுத்துக்கொள்வது நல்லது. லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெடெராவிலும் இதே 10, மிஞ்சினால் இதே கதிதான்.

## மேஜிக் அரீனா: எதைப் போடுவது என்று நீங்களே சொல்லலாம்

எல்லை 7. ஹார்த்ஸ்டோனைவிட மூன்று குறைவு. ஆனால் ஐந்து விதிகளில் ரொம்ப நியாயமானது இதுதான் என்பது என் கட்சி. காரணம், எண்ணுவது உங்கள் டர்ன் முடிவில் மட்டும். நடுவில் 12 வைத்திருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். டர்ன் முடியும்போது 7-க்கு மேல் இருந்தால் எவற்றைப் போடுவது என்று கேம் உங்களையே கேட்கும்.

60 கார்டு டெக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிலக் கார்டுகள் இருப்பது சாதாரணம். ஆட்டம் நீண்டால் கையில் தேவையில்லாத நிலங்கள் தேங்கும். 8-இல் ஒன்றைப் போட வேண்டும் என்றால் அந்த உபரி நிலம் போகும், உங்களுக்கு ஒன்றும் வலிக்காது. போட்ட கார்டும் மாயமாவதில்லை, கழித்த கார்டுகள் சேரும் கிரேவ்யார்டுக்குப் போகிறது. செத்ததை எழுப்பும் டெக் வைத்திருப்பவருக்கு அது வரம். இரண்டாவதாக ஆடுபவர் முதல் டர்னில் எதையும் இறக்காமல் விட்டால் கையில் 8 இருக்கும். விதிப்படி ஒன்றைப் போட்டாக வேண்டும். அவர் தன் டெக்கின் ஆகப் பெரிய ராட்சதனை கிரேவ்யார்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சில டர்னில் மலிவான ஸ்பெல் ஒன்றால் எழுப்பிவிடுவார். தண்டனையாக வைத்த விதியையே வாசலாக்கிக்கொள்ளும் இந்த வேலை எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்த ஒன்று.

எண்ணும் நேரம் தரும் இன்னொரு சலுகையும் உண்டு. உங்கள் கையை உங்கள் டர்னில்தான் எண்ணுவார்கள். ஆகவே கார்டு எடுக்கும் இன்ஸ்டன்ட் ஸ்பெல்லை (எதிராளியின் டர்னிலும் போடக்கூடியது) எதிராளியின் டர்ன் கடைசியில் போடுவது நல்ல பழக்கம். 7-ஓடு இருந்தவர் அப்போது அந்த ஸ்பெல்லைப் போட்டு 3 எடுத்தால் 9. உடனே உங்கள் டர்ன், டிராவோடு 10 கார்டிலிருந்து பொறுக்கி ஆடலாம். ஒரு நிலமும் இரண்டு ஸ்பெல்லும் போனால் சரியாக 7. எதுவும் வீணில்லை. அதே ஸ்பெல்லை உங்கள் டர்னிலேயே, மானா தீரும் நிலையில் போட்டிருந்தால் மிஞ்சியதைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

எல்லையே வேண்டாம் என்றால் ரெலிக்வரி டவர் என்ற நிலம் இருக்கிறது, அது களத்தில் இருக்கும்வரை கைக்கு எல்லை கிடையாது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது தரும் மானாவுக்கு நிறமில்லை. இரண்டு மூன்று நிறத்தில் டெக் கட்டியவர் அதை வைத்தால் ஆரம்ப டர்ன்களில் சரியான நிறம் கிடைக்காமல் கையைப் பிசைவார். 7-க்கு மேல் அடிக்கடி போகும் டெக்கா என்று பார்த்துவிட்டு வையுங்கள். பெரும்பாலான டெக் போகாது.

காலிக் கைக்கும் இங்கே மரியாதை உண்டு. 2017-இன் ஆமோன்கெட் தொகுப்பில் வந்த ஹாசரெட் 4 மானாவுக்கு 5/4, அழிக்க முடியாதது. ஆனால் உங்கள் கையில் ஒரு கார்டு அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் தாக்கும், தடுக்கும். அதை வைத்திருப்பவருக்குக் கையில் தங்கும் ஒவ்வொரு கார்டும் பாரம்.

எதிராளியால் முடிந்தது, எல்லையைக் காட்டி மிரட்டுவது இல்லை, கையிலிருந்தே பிடுங்குவது. தாட்சீஸ் போன்ற 1 மானா ஸ்பெல் உங்கள் கை முழுவதையும் பார்த்து, நிலம் அல்லாத கார்டு ஒன்றைப் போடவைக்கும். கையில் ஒரே ஒரு நல்ல கார்டை வைத்துக் காத்திருப்பவருக்கு அது இடி.

செலவுக் கணக்கில் அரீனா பின்தங்கும். டர்ன் இழுக்கும், எதிராளியின் டர்னிலும் ஆட வேண்டியிருப்பதால் கண்ணை எடுக்க முடியாது, 2021-இல் ஃபோனுக்கு வந்தாலும் சின்னத் திரையில் கார்டு வாசிப்பது சிரமம்தான். அரை மணி நேரம் நிதானமாக உட்காரக்கூடியவருக்கு, சேர்த்துவைத்து ஆடும் சுபாவம் உள்ளவருக்கு, இதுவே நல்ல தேர்வு.

யூ-கி-ஓ மாஸ்டர் டூயலும் இந்த வகைதான்: எல்லை 6, எண்ணுவது உங்கள் டர்ன் முடிவில். மானாவே இல்லாத கேம் என்பதால் 5 கார்டோடு தொடங்குபவர் முதல் டர்னிலேயே கையைக் காலி செய்துவிட முடியும். எல்லை அங்கே தொந்தரவாவது அபூர்வம். மேக்ஸ் 'சி' போன்ற கார்டைப் போட்டுவிட்டு எதிராளியின் ஒவ்வொரு சிறப்பு சம்மனுக்கும் ஒரு கார்டு எடுத்துக் கை வழிந்தாலும், அவருடைய டர்ன் முடிவில் உங்கள் கையை யாரும் எண்ணமாட்டார்கள்.

## மார்வெல் ஸ்நாப்: கதவை மூடிவிடும்

2022 அக்டோபரில் வந்தது. டெக் 12 கார்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, ஆட்டம் வழக்கமாக 6 டர்ன். 3 கார்டோடு தொடங்கி டர்னுக்கு ஒன்று வரும், அதாவது கூடுதல் டிரா இல்லாவிட்டால் 12-இல் 9 கார்டைப் பார்ப்பீர்கள். எல்லை 7. நிறைந்திருந்தால் கார்டு வராது, அவ்வளவுதான். எரியாது, டெக்கிலேயே இருக்கும். மென்மையான விதி போலத் தெரியும். ஆனால் மொத்தமே 9 கார்டு பார்க்கும் ஆட்டத்தில் ஒரு டிரா போவது, 30 கார்டு டெக்கில் ஒன்று எரிவதைவிட வலிக்கும்.

சும்மா இருந்தாலும் கை நிறைந்துவிடும் வேகம் இது. முதல் டர்னில் 4, பிறகு 5, 6, நான்காவதில் 7. அதுவரை எதையும் இறக்கவில்லை, நான்காவதிலும் இறக்கவில்லை என்றால் ஐந்தாவது டர்னின் கார்டு வராது.

பெரிய கைக்கான டெக் இங்கே மூன் கேர்ள் – டெவில் டைனோசர் ஜோடி. மூன் கேர்ள் 4 எனர்ஜிக்கு (மானாவுக்கு இங்கே இதுதான் பெயர்) கையில் இருப்பதையெல்லாம் இரட்டிக்கும். டெவில் டைனோசர் 5 எனர்ஜி, கையில் உள்ள ஒவ்வொரு கார்டுக்கும் அதன் பவர் ஏறும். முதல் மூன்று டர்னில் டர்னுக்கு ஒன்றாக 3 கார்டு இறக்கியிருந்தால் நான்காவது டர்னில் கையில் 4. மூன் கேர்ளை இறக்கினால் 3, இரட்டித்து 6. ஐந்தாவது டர்னில் டிராவோடு 7. டைனோசரை இறக்கியதும் 6 கார்டுக்கான பவர். வெட்டித் தைத்தது போலப் பொருந்துகிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒரே ஒரு கார்டை மட்டும் இறக்கிவிட்டு மீதியைச் சேர்த்திருந்தால்? நான்காவது டர்னில் 6, மூன் கேர்ள் போனால் 5, எல்லை 7 என்பதால் 2 நகல்தான் வரும். மீதி 3 நகல் வீண், அடுத்த டர்னின் டிராவும் இல்லை. நிறையச் சேர்த்தவருக்குக் குறைவாகக் கிடைக்கும்.

எதிராளியும் இதில் கைவைப்பார். மாஸ்டர் மோல்டு உங்கள் கையில் இரண்டு சென்டினல்களைத் திணிக்கும். ஓசிக் கார்டு என்று சந்தோஷப்பட வேண்டாம். அவை இடத்தை அடைத்துக்கொள்ளும், உங்கள் டெக்கிலிருந்து வரவேண்டியது வராமல் போகலாம். போதாததற்கு ரோனன் என்ற கார்டு, எதிராளியின் கையில் எத்தனை கார்டோ அத்தனைக்குப் பவர் வாங்கிக்கொள்ளும். இந்த ஜோடியைச் சந்தித்தால் அந்த சென்டினல்களை உடனே களத்தில் இறக்கிவிடுவதே வழி, அது உங்கள் திட்டத்தில் இல்லாத செலவு.

டீ ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டும் என்பவருக்கு இது. கையை எண்ணும் பழக்கம் இல்லாதவருக்கும் முதல் சில வாரங்கள் உறுத்தாது. ஆனால் கார்டு எடுத்துக்கொண்டே போகும் டெக்தான் வேண்டும் என்றால் 7 சீக்கிரமே இடிக்கும்.

## குவென்ட்: வராத கார்டுக்கு ஈடு உண்டு

கையின் அளவே ஆட்டம் என்று சொல்லத்தக்க கேம் இந்த ஐந்தில் இது ஒன்றுதான். மூன்று ரவுண்டில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ரவுண்டுக்கு 10 கார்டு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தலா 3. டர்னுக்கு டர்ன் கார்டு வராது. ஒரு டர்னில் ஒரு கார்டு ஆடலாம், அல்லது பாஸ், அதாவது அந்த ரவுண்டில் இனி ஆடாமல் நிறுத்திக்கொள்வது. எல்லை 10. அதற்கு மேல் வரவேண்டிய ஒவ்வொரு கார்டும், கையிலுள்ள ஒன்றை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பாக மாறும்.

முதல் ரவுண்டில் 8 கார்டு கையில் இருக்கும்போது பாஸ் செய்கிறீர்கள் என்றால், அடுத்த ரவுண்டுக்கு 3 சேர்ந்து 11 ஆக வேண்டியது 10-இல் நிற்கும். ஒரு கார்டு போய், அதற்கு ஈடாக ஒரு மாற்று வாய்ப்பு. 7-இல் பாஸ் செய்தவருக்கு நஷ்டமே இல்லை. ஆகவே வழக்கமான பேச்சில் 7 ஒரு கோடு: அதற்கு முன் பாஸ் செய்ய வலுவான காரணம் வேண்டும்.

இரண்டாவது ரவுண்டில் இதே கோடு இன்னொரு விதமாக வேலை செய்கிறது. முதல் ரவுண்டை 7 கார்டோடு ஜெயித்துவிட்டீர்கள். இரண்டாவதை 10 கார்டோடு நீங்கள் தொடங்குகிறீர்கள். ஒரு கார்டும் போடாமல் பாஸ் செய்தால், எதிராளி ஒன்றைப் போட்டு ரவுண்டை எடுப்பார். அவர் 9-க்கு வந்தாரே, ஒரு கார்டு லாபம்தானே என்று தோன்றும். இல்லை. அவரும் 10 வைத்திருந்தால் மூன்றாவது ரவுண்டுக்கு 3 வரும்போது அவரும் 10, நீங்களும் 10. உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு மாற்று வாய்ப்பு.

அதையே திருப்பிப் பாருங்கள். இரண்டாவது ரவுண்டில் 3 கார்டு போட்டுவிட்டு 7-இல் பாஸ் செய்தாலும் மூன்றாவது ரவுண்டை 10 கார்டோடுதான் தொடங்குவீர்கள். எண்ணிக்கையில் அந்த 3 கார்டும் இலவசம். எதிராளி மூன்றாவது ரவுண்டுக்கென்று ஒரு காம்போவைப் பொத்திவைத்திருக்கிறார் என்று சந்தேகமிருந்தால், உங்கள் டெக்கின் சுமாரான 3 கார்டை இறக்கி அவரை நெருக்கலாம். அவர் பதிலுக்கு நல்ல கார்டைச் செலவழித்தால் உங்களுக்கு லாபம். இலவசம் என்று சொன்னது எண்ணிக்கையில் மட்டும்தான். போட்ட கார்டு தரத்தில் திரும்பி வராது, புதிதாக வரும் மூன்றும் டெக்கின் மிச்சம். கையில் இருக்கும் தங்கக் கார்டுகளை இந்த இலவசக் கணக்கில் செலவழித்துவிட்டு மூன்றாவது ரவுண்டில் விழிப்பவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு, கேமின் வயது. 2023-க்குப் பிறகு கேமை உருவாக்கிய சிடி புராஜெக்ட் ரெட் புதிய கார்டு வெளியிடுவதை நிறுத்தி, கார்டுகளின் பலத்தைச் சரிசெய்யும் வேலையை ஆட்டக்காரர்களின் ஓட்டுக்கு விட்டுவிட்டது. புதுத் தொகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கும் தொல்லை இல்லை, அது நல்லது. ஆனால் எதிரே அமர்பவர் பெரும்பாலும் பழம் தின்று கொட்டை போட்டவராக இருப்பார். முதலில் நிறையத் தோற்கத் தயாராக இருங்கள். அதிர்ஷ்டமான டிராவை நம்புவது பிடிக்காது, எப்போது நிறுத்துவது என்ற முடிவில்தான் சுவாரஸ்யம் என்பவருக்கு இதற்கு ஈடு வேறில்லை.

## போக்கிமான்: எல்லை கிடையாது, ஆனாலும்

டிசிஜி (டிரேடிங் கார்டு கேம்) லைவில் 60 கார்டு டெக், 7-இல் தொடக்கம், கைக்கு எல்லை இல்லை. 15 வைத்திருந்தாலும் கேம் ஒன்றும் சொல்லாது. எல்லையை விதி போடவில்லை, கார்டுகள் போடுகின்றன. புரொஃபசர்ஸ் ரிசர்ச் 7 கார்டு தரும், ஆனால் முதலில் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட வேண்டும். ஜட்ஜ் வந்தால் இருவரின் கையும் டெக்கில் கலக்கப்பட்டு ஆளுக்கு 4. அயோனோ இன்னும் கொடியது: ஜெயிக்க எடுத்து முடிக்க வேண்டிய பிரைஸ் கார்டில் மிச்சம் எத்தனையோ அத்தனைதான் புதுக் கை. ஜெயிக்க ஒரு பிரைஸ் மட்டும் பாக்கி என்று 12 கார்டோடு நிம்மதியாக இருப்பவரின் கை ஒரே கார்டாகச் சுருங்கிவிடும்.

எனவே இங்கே சேர்த்துவைப்பது தற்காலிக சுகம். பயன்படுத்தக்கூடியதை அந்த டர்னிலேயே பயன்படுத்திவிடுவது உத்தமம். எல்லை இல்லாததன் விலை நேரத்தில் தெரியும்: ஒரு டர்னில் டெக்கைத் தேடித் தேடிக் கார்டு எடுத்துக்கொண்டே போவார்கள். எடுத்துக்கொண்டே போய் டெக் தீர்ந்து, டர்ன் தொடக்கத்தில் எடுக்கக் கார்டில்லை என்றால் தோல்வி. 2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட்டில் டெக் 20, கை எல்லை 10. சின்ன ஆட்டம் வேண்டுபவர்கள் அங்கே போகலாம்.

## ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களுக்கு

ஏற்கெனவே ஒரு கேம் ஆடிக்கொண்டிருப்பவர் இன்னொன்றுக்குப் போகும்போது பழைய கைப்பழக்கமும் கூடவே போகும்.

அரீனாவிலிருந்து ஹார்த்ஸ்டோனுக்கு வருபவர் டர்ன் முடிவில் எண்ணிப் பழகியவர். 9 கார்டோடு டர்னை முடித்துவிட்டு, எல்லைக்குள்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பார். எதிராளி 2 கார்டு எடுக்கவைத்தால் அங்கேயே ஒன்று எரியும், தன் டர்ன் தொடங்கியதும் இன்னொன்று. மில் டெக் எதிரே இருக்கிறது என்று தெரிந்தால் டர்னை 7-க்கு மேல் முடிக்காமல் இருப்பது பாதுகாப்பு: எதிராளி தரும் 2, உங்கள் டிரா 1, கூட்டினால் சரியாக 10.

ஹார்த்ஸ்டோனிலிருந்து அரீனாவுக்குப் போகிறவர் இதற்கு நேரெதிர். கை நிறைவதைக் கண்டு பயந்து, காத்திருக்க வேண்டிய ஸ்பெல்லையும் அவசரமாகப் போட்டுவிடுவார். அங்கே 8-ஆவது கார்டாகப் போவது உபரி நிலம் என்றால் அந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை.

ஸ்நாப் ஆடிவிட்டு குவென்டுக்கு வருபவர் பாஸ் பொத்தானைத் தொடவே மாட்டார். ஆறு டர்னும் ஆடி முடிக்கும் பழக்கத்தில் முதல் ரவுண்டிலேயே 10 கார்டில் 8-ஐ இறக்கி ஜெயிப்பார். இரண்டாவது ரவுண்டுக்கு 5 கார்டு. எதிரே 7-இல் பாஸ் செய்து தோற்றவரிடம் 10.